உறைமேல் முகவரி

ராஜகுமாரி அக்கா,

உங்கள் மதுவின் நோட்டைக் கிழித்தது நான்தான். அதுதான் கண்ணால் பார்த்தேனே, மாடிப்படியில் நின்று கத்தவும் கத்தினேனே, பிறகு எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பீர்கள். கிழித்ததைத்தான் பார்த்தீர்கள். "ஏம்மா கிழிச்ச? படிச்ச பொண்ணு செய்யிற வேலையா இது?" என்று நீங்கள் கேட்டபோது எனக்கு வாயே வரவில்லை. வாயால் சொல்லத் தெரியாததை எழுதிவிடுவேன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இவ்வளவும் வந்தது அதனால்தான்.

வீட்டுக்காரம்மா என்று பயந்து எழுதுவதாக நினைக்காதீர்கள். காலி செய் என்றால் காலி செய்கிறோம். இவர் ஓசூரிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்துவிடுவார், வந்ததும் பேசிக்கொள்ளலாம். நான் கேட்பது வேறு. திங்கட்கிழமை மதுவுக்கு இங்கிலீஷ் இரண்டாம் தாள். அதில் ஆறுதல் கடிதம் வந்தால் அவள் என் பிள்ளை அகிலன் பேரைப் போட்டு எழுதக் கூடாது. இதைத்தான் கேட்கிறேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அகிலனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். நூறு, நூற்றொன்று. பல் முளைக்கிற காய்ச்சல்தான் என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். இன்றைக்கு இரண்டாம் நாள். நாளை மூன்றாம் நாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து எழுந்து போய் அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன்.

இருங்கள்.

மூச்சு வருகிறது.

நான் படித்தது தூத்துக்குடியில் ஒரு கான்வென்ட். அப்பா லாரி ஷெட்டில் மெக்கானிக். எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷ் வருவது மருந்துச் சீட்டில் மட்டும்தான், அதையும் மருந்துக் கடைக்காரர்தான் வாசிப்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போன என்னை, ஒன்பதாம் வகுப்பில் சிஸ்டர் எமரன்சியா எழுப்பிச் செய்யுள் வாசிக்கச் சொன்னார். "சண்முகப்ரியா!" என்று முழுப் பேரையும் கூப்பிடுவார். வீட்டில் ஏ புள்ள, ஏய் பிரியா, இவ்வளவுதான். சிஸ்டர் வாயில் என் பேரைக் கேட்டபோதுதான் அது இவ்வளவு நீளம் என்றே எனக்குத் தெரிந்தது. அதற்காகவே படித்தேன். வகுப்பில் இங்கிலீஷில் நான்தான் முதல். வேறு எதிலும் இல்லை, இங்கிலீஷில் மட்டும்.

பத்தாம் வகுப்பு வந்ததும் கடிதம் எழுதுவது. மதுவும் அதைத்தான் படிக்கிறாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்து மார்க். வலது பக்கம் மேலே அனுப்புகிறவர் முகவரி, தேதி, விளிப்பு, உடல், முடிப்பு, கடைசியில் ஒரு கட்டம் போட்டு அதற்குள் உறைமேல் முகவரி. பொதுத்தேர்வில் நம் பேரை எழுதக் கூடாது, எழுதினால் பேப்பரையே தள்ளிவிடுவார்கள். மூன்று எக்ஸ் போட வேண்டும். சிஸ்டர் சொல்வார்: "எழுதுனது யாருன்னு தெரியக் கூடாது கேர்ள்ஸ். ஆனா யாருக்குப் போகுதோ அந்த அட்ரஸ் முழுசா இருக்கணும். டோர் நம்பர், தெரு, எல்லாம். அரைகுறையா எழுதுனா ஒரு மார்க் போச்சு."

ஜனவரி ரிவிஷனுக்கு முன்னால் ஆறுதல் கடிதம் நடத்தினார். நாற்பது பேர் எழுதிக் கொடுத்ததைத் திருத்திக்கொண்டு வந்து மேசையில் போட்டார்.

"எல்லாரும் அம்மாவைக் கொல்றீங்க. இல்லேன்னா அப்பாவை. பேப்பர் திருத்துறவங்களுக்கு இது நூறாவது அம்மா. அவங்களுக்கு எப்படி அழுகை வரும்? ஒரு சின்னப் பிள்ளையை எழுதுங்க. நல்லாத் தெரிஞ்ச பிள்ளையா இருக்கட்டும். அது எப்படி நடக்கும், என்ன விளையாடும், அதை எழுதுங்க. மார்க் தானா வரும்."

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் எங்களுக்குள் ஒரே சிரிப்பு. யார் வீட்டில் யாரைக் கேட்பது என்று டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பேரம்.

"ஏட்டி, எங்க சித்தப்பாவ எடுத்துக்கிறியா? தினமும் குடிச்சிட்டு வாராரு. எங்க சித்தி உனக்கு மால போடுவா."

"சின்னப் பிள்ளன்னுல்லா சிஸ்டர் சொன்னாவ."

"அப்ப எங்க நாய்க்குட்டிய எடுத்துக்கோ. அது சின்னதுதான்."

"நாய்க்கு எதுக்குட்டி கவர்மேல அட்ரஸ்?"

ஜெனோவா என் பக்கத்து இடம். ஆறாம் வகுப்பிலிருந்து அதே பெஞ்ச். அவள் வீட்டு மீன் குழம்பை நானும் என் வீட்டுத் தயிர் சாதத்தை அவளும் தின்று வளர்ந்தவர்கள். அவளுக்கு ஒரு தம்பி, கிங்ஸ்டன், ஆறு வயது. அவளாகத்தான் சொன்னாள்: "எந் தம்பிய எடுத்துக்கோட்டி. சனியன், என் ஜாமெட்ரி பாக்ஸ்ல நண்டு புடிச்சுப் போட்டு வச்சிருக்கான்." நான் கேட்கவில்லை அக்கா. அவளாகத்தான் கொடுத்தாள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லாத் தெரிந்த பிள்ளை என்று சிஸ்டர் சொல்லியிருந்தாரே. எனக்கு அவனை அவ்வளவாகத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கணக்குச் சந்தேகம் கேட்கப் போவதுபோல் ஜெனோவா வீட்டுக்குப் போனேன். அவளும் அவள் அம்மாவும் பூசைக்குப் போய்விட்டு இன்னும் வரவில்லை. கிங்ஸ்டன் வாசலில் இருந்தான். ஒற்றைச் செருப்பு போட்டிருந்தான். இன்னொன்றைக் கடல் எடுத்துக்கொண்டதாம். அது திரும்பி வந்தால் ஜோடி வேண்டுமே என்று இதைத் தூக்கிப் போட விடாமல் ஒற்றைக் காலில் போட்டுக்கொண்டே அலைகிறான். மேல் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை நாக்கால் முன்னும் பின்னும் தள்ளிக்காட்டி, "தட்டி உடு பாப்போம்" என்றான். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிள்ளையை அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அப்படிப் பார்ப்பது அகிலனைத்தான்.

"யக்கா, எதுக்கு என்னையவே பாத்துட்டிருக்க?"

"உன்னப் பத்தி எழுதப் போறேன்."

"எழுதி?"

"சிஸ்டர்ட்ட குடுப்பேன். சிஸ்டர் கிளாஸ்ல எல்லாருக்கும் வாசிப்பாவ."

பல்லை நாக்கால் ஒரு தள்ளு தள்ளினான். பிறகு, "எம் பேர விட்டுராத" என்றான்.

விடவில்லை. மூன்று இடத்தில் எழுதினேன். ஒற்றைச் செருப்பு, ஆடுகிற பல், ஜாமெட்ரி பாக்ஸ் நண்டு, எல்லாம் இங்கிலீஷில் வந்து உட்கார்ந்துகொண்டது. எதனால் இறந்தான் என்று ஒன்று வேண்டுமே. விபத்து எழுதினால் லாரி, டிரைவர் என்று நீண்டுவிடும் என்று, மூன்று நாள் காய்ச்சல் என்று எழுதினேன். வாசலில் அந்தச் செருப்பு இன்னும் ஜோடிக்குக் காத்திருக்கும் என்று முடித்தேன். கீழே கட்டம் போட்டேன். செல்வி ஜெனோவா, பதினேழு பை மூன்று, சலேத்மாதா தெரு, பழைய ஐஸ் கம்பெனி எதிரில், தூத்துக்குடி. மேலே அனுப்புகிறவர் இடத்தில் மூன்று எக்ஸ்.

சிஸ்டர் வகுப்பில் வாசித்தார். செருப்பு வரும்போது அவர் குரலே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பின் பெஞ்ச் வரை மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஜெனோவாவும் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "கொலகாரி. எந் தம்பிய என்னையவே அழ வச்சிட்டியே." பத்துக்குப் பத்து. கடிதத்துக்குப் பத்துக்குப் பத்து சிஸ்டர் யாருக்கும் போட்டதில்லை. ஸ்டென்சில் வெட்டி, நகல் எடுத்து, நாற்பது பேருக்கும் கொடுத்தார். "இதை மனப்பாடம் பண்ணுங்க. எந்த ஆறுதல் கடிதம் வந்தாலும் இதுதான்."

ஒரு மாதம் எங்கள் வராந்தாவில் கிங்ஸ்டன் செத்துக்கொண்டே இருந்தான் அக்கா. காலை ஸ்டடி, மாலை ஸ்டடி. நாற்பது பேர் சுவரைப் பார்த்து, காதைப் பொத்திக்கொண்டு, அவன் காய்ச்சலில் போய்விட்டான் என்று ஒப்பித்தார்கள். ஜெனோவாவும் ஒப்பித்தாள். அவளுக்கு மனப்பாடம் சீக்கிரம் ஏறாது. நான்தான் கேட்டுத் திருத்துவேன்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. தமிழ் இரண்டு தாளும் முடிந்து இங்கிலீஷுக்கு ஐந்து நாள் விடுமுறை இருந்தது. அந்த விடுமுறையில் கிங்ஸ்டனுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் கொண்டுபோனார்கள்.

ஐந்து நாள் அக்கா. மூன்று இல்லை. காய்ச்சல் தமிழ் இரண்டாம் தாள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள், அதையும் சேர்த்து ஐந்து. அந்த இரண்டு நாள் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதினது மூன்று. நடந்தது ஐந்து. அப்படியானால் நான் எழுதினதால் இல்லை, இல்லையா?

இருங்கள், வருகிறேன்.

வேர்த்திருக்கிறது. வேர்த்தால் காய்ச்சல் இறங்குகிறது என்று அர்த்தம்தானே? நீங்கள் இரண்டு பிள்ளை வளர்த்தவர், மாடியில்தான் இருக்கிறீர்கள், இந்த ஒன்றைக் கேட்கக்கூட எனக்கு இப்போது முகமில்லை.

அடக்கத்துக்குப் போனோம், சிஸ்டர், நான், இன்னும் நாலைந்து பேர். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். பல் விழுந்துவிட்டதா, இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை, வாய் மூடியிருந்தது. ஜெனோவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான்தானட்டி குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். மறுபடியும், "நான்தான குடுத்தேன்?" என்றாள். எல்லார் முன்னாலும் என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். நீ கேட்டாய், நான் கொடுத்தேன், நீ எடுத்துக்கொண்டாய் என்றுதானே அர்த்தம்? கையை உருவிக்கொண்டு சிஸ்டர் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

மறுநாள் இங்கிலீஷ் முதல் தாள். அதற்கு மறுநாள் இரண்டாம் தாள். ஜெனோவா இரண்டுக்கும் வந்தாள். அவள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். ஹாலில் எனக்கு இடது பக்கம், ஒரு வரிசை முன்னால் அவள் இடம்.

கேள்வித்தாளைத் திருப்பினேன். உன் நண்பரின் குடும்பத்தில் ஏற்பட்ட இழப்புக்கு ஆறுதல் கூறிக் கடிதம் எழுதுக. அல்லது, புத்தகக் கடைக்குப் புத்தகங்கள் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதுக.

புத்தகக் கடைக் கடிதம் நான் சரியாகப் படித்திருக்கவில்லை அக்கா. அதில் என்ன மார்க் வந்துவிடும்? பத்து மார்க் கேள்வி. பேனா தானாகப் போனது. செருப்பு, பல், நண்டு. பேரையும் விடவில்லை. அந்த ஹாலில் எத்தனை பேனா அதே வரியை எழுதிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும், சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது. கடைசியில் உறைக்கு ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஜெனோவா பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ. மேற்பார்வை டீச்சர், "முன்னால பாரும்மா" என்று மேசையைத் தட்டினார். திரும்பிக்கொண்டாள். நான் கட்டத்துக்குள் அவள் முகவரியை எழுதினேன். டோர் நம்பர், தெரு, எல்லாம்.

மணி அடித்ததும் அவள் முன்வாசல் கேட்டில் போய் நின்றாள். வேப்பமரத்துக்கு அடியில், கையில் பரீட்சை அட்டையோடு. என்னைத்தான் எதிர்பார்த்து நின்றாள். சண்டை போடத்தான் என்று நினைத்தேன். சமையற்கட்டுப் பக்கம் ஒரு பின் கேட் உண்டு, விறகு வண்டி வருவதற்கு. அது வழியாக வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்த்ததில்லை. வேறு பாடங்களுக்கு அவளுக்கு வேறு ஹால், நானும் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். ஜூனில் வேறு ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

இங்கிலீஷில் பள்ளிக்கே நான் முதல். ஜெனோவா பாஸ்தான். பத்து மார்க் கேள்வி ஒன்றை அப்படியே விட்டிருந்தால் எவ்வளவு வருமோ, அவ்வளவு.

இதெல்லாம் முடிந்த கதை என்று இருந்தேன். கல்யாணம், மதுரை, அகிலன். உங்கள் கீழ்வீட்டுக்கு வந்து நாலு மாதம். மது ஸ்கூல் விட்டதும் புத்தகப் பையோடு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். "அகில் குட்டி, மது அக்கா வந்தாச்சு!" அவன் அவள் ஷூவைப் பிடித்து இழுப்பான். நல்ல பெண் அக்கா. நோட்டைக் கிழித்ததற்குக்கூட அவள் என்னைத் திட்டவில்லை, உங்களைத்தான், "அம்மா, கத்தாதம்மா" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் மது சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ். முதலில் காதில் விழுந்தது ஒற்றைச் செருப்பு. குழாயை மூடினேன். பல். நண்டு. என் வரி. பதினாறு வயதில் எழுதினது, ஒரு காற்புள்ளிகூட மாறாமல் மேலேயிருந்து வருகிறது. பேர் வருகிற இடத்தில் மட்டும் மது, "யுவர் லிட்டில் பிரதர் டேஷ்" என்று வாசித்தாள்.

அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிஸ்டர் எமரன்சியா மாற்றலாகி இங்கே மது ஸ்கூலுக்கு வந்து, போன வருஷம் ரிட்டயரும் ஆகிவிட்டாராம். நோட்ஸ் மட்டும் தங்கிவிட்டது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். கிங்ஸ்டன் பேரைச் சிஸ்டர் எடுத்துவிட்டு மூன்று இடத்திலும் கோடு போட்டிருக்கிறார். ஜெனோவா பேரையும் எடுத்துவிட்டு மூன்று ஒய் போட்டிருக்கிறார். நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு, யாரையாவது உள்ளே போடச் சொல்லித் தோண்டி வைத்த குழி மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை அகிலனுக்குக் காய்ச்சல்.

இன்று மத்தியானம் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறேன், மது மேலே ஆரம்பித்தாள். "யுவர் லிட்டில் பிரதர்" வரை வந்தாள். டேஷ் என்று சொல்லவில்லை. "அகிலன்" என்றாள். "யுவர் லிட்டில் பிரதர் அகிலன் இஸ் நோ மோர்."

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே படியேறினேன். அவள் கையிலிருந்து பிடுங்கியதும் கிழித்ததும் எனக்கே சரியாக நினைவில்லை. நீங்கள் மொட்டை மாடியிலிருந்து வற்றல் முறத்தோடு இறங்கி வந்தது நினைவிருக்கிறது.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. சாயங்காலம் நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது மது கீழே வந்தாள். கிழிந்த துண்டுகளையும் செலோ டேப்பையும் எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் ஹால் தரையில் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தாள். "சாரி ஆன்ட்டி. தெரிஞ்ச பேரா போட்டாத்தான் மறக்காதுன்னு மிஸ் சொன்னாங்க. எனக்கு டக்குனு குட்டி பேருதான் வந்துச்சு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பதினைந்து வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

அந்த நேரத்தில் அகிலன் தவழ்ந்து வந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். விரலை விட்டு எடுத்தேன். முதல் கோடு இருந்த துண்டு, மது பென்சிலால் அவன் பேரை எழுதியிருந்தாள். எச்சிலில் ஊறிக் கூழாகிவிட்டது. ஒட்டவே முடியவில்லை. மற்ற எல்லாம் ஒட்டியாயிற்று, அந்த இடம் மட்டும் ஓட்டை. மற்ற இரண்டு கோட்டில் எழுதியிருந்ததை ரப்பர் வைத்து அழித்தாள்.

மது அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்புறம் அந்த அக்காவுக்கு நிஜமாவே லெட்டர் போட்டீங்களா ஆன்ட்டி?"

"எந்த அக்காவுக்கு?"

"அவங்க தம்பி செத்துட்டான்ல. அதுக்கு."

"அதான் எழுதினேனே."

"அது அவன் சாகுறதுக்கு முன்னாடில்ல எழுதுனது. செத்த பொறவு?"

"அட்ரஸ் இல்ல மது, எங்க இருக்காளோ" என்றேன். மது டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே, கண்ணை மூடி, ஸ்கூலில் ஒப்பிக்கிற ராகத்தில் சொன்னாள்: "செவன்டீன் பை த்ரீ, சலேத்மாதா ஸ்ட்ரீட், ஆப்போசிட் ஓல்ட் ஐஸ் கம்பெனி, தூத்துக்குடி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எங்க கிளாஸ் புல்லா தெரியும் ஆன்ட்டி. ஒரு மார்க்குல்ல."

சிஸ்டர் பேர்களை எடுத்துவிட்டார், முகவரியை விட்டுவிட்டார். இத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகள் அந்த வீட்டு முகவரியை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஒருத்தரும் அங்கே ஒரு கடிதம் போட்டதில்லை. நான் உட்பட.

அவ்வளவுதான் அக்கா. மதுவிடம் சொல்லுங்கள், திங்கட்கிழமை அதே கடிதத்தையே எழுதட்டும், படித்தது வீணாக வேண்டாம். ஆனால் கோட்டில் அகிலன் பேர் வேண்டாம். எந்தப் பிள்ளை பேரும் வேண்டாம். கிங்ஸ்டன் என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று இடத்திலும். அது அவன் இடம். பேரை விட்டுராத என்று அவன் என்னிடம் சொன்னான், நான்தான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இந்தக் கடிதத்தை வைத்திருக்கும் பையில் இன்னொரு கவர் இருக்கிறது. ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன். மது ஸ்கூல் வாசலில் தபால் பெட்டி இருப்பதாகச் சொன்னாள், அவளிடம் கொடுத்து அதில் போடச் சொல்லுங்கள். நான் எடுத்துப் போனால் பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஜெனோவா இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாளா, கல்யாணமாகிப் போய்விட்டாளா, தெரியாது. அவள் அம்மாவாவது இருப்பார்கள்.

மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நெற்றி கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருக்கிறது. என் கைதான் சூடாக இருக்கிறதோ என்னவோ. காலையில் முடிந்தால் நீங்கள் ஒருதரம் வந்து தொட்டுப் பாருங்கள்.

கவரை ஒட்டவில்லை, நீங்கள் படித்துவிட்டே கொடுக்கலாம். தமிழில்தான் எழுதினேன். இரண்டு மணி நேரத்தில் நாலு வரி வந்தது. சிஸ்டர் பார்த்தால் பத்துக்கு இரண்டு கூடப் போடமாட்டார். செருப்பு இல்லை, பல் இல்லை. இதுதான் அந்த நாலு வரி: ஜெனோவா, அன்றைக்கு நீ முன்வாசலில் நின்றாய், நான் பின் கேட் வழியாகப் போய்விட்டேன். உன் தம்பியை நீயாகக் கொடுக்கவில்லையட்டி. நான்தான் கேட்டேன். வேண்டாம் என்று சொன்ன உன்னிடம் இரண்டு நாள் கெஞ்சி, நான்தான் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் இருக்கிறது. மேலே உங்களுக்கு மாற்றி எழுதியிருந்தேன் அக்கா, இதுதான் நிஜம். அனுப்புகிறவர் இடத்தில் எக்ஸ் போடவில்லை. முழுப் பேரையும் எழுதியிருக்கிறேன்.

சண்முகப்ரியா